கண்புரை அறுவைக்குப் பின் மூக்குக்கண்ணாடி

கண்புரை அறுவையில் கலங்கிய இயற்கை வில்லையை அகற்றிச் செயற்கை உள்விழி வில்லை பொருத்தப்படுகிறது. கண்ணின் பவர் மாறிவிடுவதால் பழைய கண்ணாடி பெரும்பாலும் பொருந்தாது. காயம் ஆறிப் பார்வை நிலைபெற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதன்பின் பரிசோதித்துப் புதிய கண்ணாடி எழுதித் தருவர். இடையில் வலியோ பார்வைக் குறைவோ ஏற்பட்டால், அந்நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தூரப்பார்வைக்கான ஒருகுவிய வில்லை பொருத்தப்பட்டவருக்குப் படிக்கத் தனிக் கண்ணாடி தேவைப்படும். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகள் போன்றவற்றில் பணிபுரிவோர், வேலையில் எவ்வளவு தூரத்தில் பார்க்க வேண்டியுள்ளது என்பதைப் பரிசோதனையின்போதே கூறுவது நல்லது. கையெட்டும் தூரத்திலுள்ள அளவுமானிக்கு உரிய பவர் வேறு, புத்தகத்துக்கு உரியது வேறு. பார்வைக் கண்ணாடி உலோகத் துகளிலிருந்து முழுக் காப்புத் தராது. அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடியும், வெல்டிங் வேலையில் அதற்குரிய முகக்கவசமும் அணிய வேண்டும்.