உடம்பு சொல்லாததை அளக்கும் பட்டை

ரத்த அழுத்தம் கூடினால் தலை சுற்றும், பிடரி வலிக்கும், படபடப்பு வரும் என்று பலரும் நம்புகிறார்கள். இவை எதுவும் இல்லாததால் தமக்கு பிரஷர் கிடையாது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். ஆனால் 160, 170 என்ற அழுத்தத்தோடு வயலுக்கும் ஆபீசுக்கும் போய்வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. தமனிச் சுவர் தடித்து இறுகுவது, இதயத்தின் இடது கீழறைத் தசை பருத்துப்போவது, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் பழுதாவது எல்லாமே வலியில்லாமல் நடக்கின்றன. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் உடம்பின் பேச்சை நம்பக்கூடாது, அளந்து பார்த்த எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்பதே என் வாதம்.

அந்த எண்ணை எடுப்பது ஒருகாலத்தில் எளிதாக இல்லை. 1733இல் தம் ஆய்வை வெளியிட்ட ஆங்கிலேயர் ஸ்டீபன் ஹேல்ஸ், ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. மனிதருக்கு இது ஆகுமா? 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி, மேல்கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்துப் பாதரசத்தால் அளக்கும் வழியைக் கண்டார். நாடியைத் தொட்டுப் பார்க்கும் அந்த முறையில் மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டை இறுகித் தமனி முழுதாக மூடியிருக்கும்போது சத்தமே இல்லை. காற்றை மெல்ல இறக்க, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் இடித்துக்கொண்டு நுழைகிறது. ‘டப், டப்’ என்ற முதல் சத்தம் கேட்குமிடம் மேல் எண். தமனி முழுதாகத் திறந்து சத்தம் அடங்குமிடம் கீழ் எண். இன்றைய தானியங்கிக் கருவி சத்தத்துக்குப் பதில் பட்டைக்குள் எழும் அதிர்வைப் படிக்கிறது.

அளந்து என்ன ஆகப்போகிறது, வயதானால் அழுத்தம் ஏறத்தானே செய்யும் என்பது பழைய ஆட்சேபம். மருத்துவர்களிலேயே பலர் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் 186/108 இருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் மூளை ரத்தக்கசிவில் இறந்தார். அன்று நல்ல மருந்து இல்லை. மருந்து வந்தபின், அங்கே முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வு 1967இல் சந்தேகத்தைத் தீர்த்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 பேரில் 73 பேருக்கு மாத்திரையும் 70 பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 27 பேருக்குக் கடும் சிக்கல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 2 பேருக்குத்தான். மேல் எண் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ‘நூறோடு வயதைக் கூட்டிக்கொள்’ என்ற பழைய கணக்கை இதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருப்பது ஆபத்து.

டாக்டரிடம் போனாலே ஏறிவிடுகிறதே, அந்த எண்ணை எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மருந்து, சரியாக அளப்பதுதான். காப்பி குடித்தோ படியேறியோ வந்த உடனே கையை நீட்டக்கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90க்குக் குறையாவிட்டால் அது பதற்றம் இல்லை, நோய்தான்.

மாத்திரையைத் தொடங்கினால் விடமுடியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: விடாமல் இருப்பது நோய், மாத்திரை இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நம் இலையில் சேரும் உப்பைக் குறைத்து, எடையையும் குறைத்தால் சிலருக்கு மாத்திரையின் அளவு குறையவும் கூடும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். முப்பது வயதைத் தாண்டிவிட்டீர்களா? எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதற்குக் காசு கிடையாது.