போலந்துச் சிப்பாயின் இரும்புத் தொப்பி

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளரிடம் தலைப்பைச் சொன்னபோது, "ஹெல்மெட்டா? டிராஃபிக் போலீஸ்காரங்களப் பத்தியா சார்?" என்று சிரித்தார். இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய போலந்து ராணுவத்தின் தலைக்கவசங்களைப் பற்றி. வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் வார்சாவில் இருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. முதன்முதலில் வாங்கியதிலேயே நன்றாக ஏமாந்தேன். எப்படி ஏமாந்தேன் என்பது புரிய, கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1795 முதல் 1918 வரை உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. 1918இல் சுதந்திரம் வந்தபோது புதிய ராணுவத்துக்குக் கையில் கிடைத்ததுதான் சீருடை. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் விட்டுப்போன கனத்த எஃகுக் கவசங்கள் ஒரு பக்கம். பிரான்ஸில் உருவாகி 1919இல் தாயகம் வந்த ஜெனரல் ஹாலரின் படை கொண்டுவந்த பிரெஞ்சு 'அட்ரியன்' கவசங்கள் இன்னொரு பக்கம். அட்ரியனை யாரும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்; உச்சியில் சேவல் கொண்டை மாதிரி ஒரு தகடு ஓடும்.

இந்தக் கதம்பத்துக்கு முடிவு கட்டத்தான் சொந்த வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'வ்ஸூர் 31'. வ்ஸூர் என்றால் மாதிரி. 31 என்பது 1931. கொண்டை கிடையாது, ஜெர்மன் கவசம் போலக் காதருகே பெரிய மடிப்பும் கிடையாது. கவிழ்த்து வைத்த ஆழமான சட்டி போல வழவழவென்ற வடிவம். வடிவம்தான் வழவழப்பு, மேற்பரப்பு அல்ல. 'சாலமாண்ட்ரா' என்ற சொரசொரப்பான பெயின்ட் அதன் மேல் பூசப்பட்டது. விரலால் தடவினால் உப்புத்தாள் போலக் கரகரக்கும்; வெயில் பட்டு மின்னிச் சிப்பாயைக் காட்டிக்கொடுக்காது. கியெல்ட்ஸே நகரின் லுத்விகூஃப் ஆலையும் ரிப்னிக்கின் சிலேசியா ஆலையும் இவற்றைச் செய்தன. முன்னது குதிரைப்படைக்கு வாளும் செய்தது. பின்னது எனாமல் பாத்திரங்களுக்குப் பேர்போனது. சட்டி போல என்று நான் சொன்னது அவ்வளவு பொருத்தமில்லாததும் இல்லை!

மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தும் 1939 செப்டம்பரில் ஜெர்மனி படையெடுத்தபோது எல்லாருக்கும் போதவில்லை. குதிரைப்படை வீரர்கள் பெரும்பாலும் பழைய அட்ரியனோடுதான் போனார்கள். கர்னல் மாச்செக்கின் 10ஆவது மோட்டார் குதிரைப்படைப் பிரிவு அணிந்ததோ முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் கவசம். ஆகவே பழைய புகைப்படத்தில் ஜெர்மன் கவசம் தெரிந்தால் "இவன் ஜெர்மானியன்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நானே இரண்டு தடவை அப்படிச் சொல்லி அசடு வழிந்திருக்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். வார்சாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வ்ஸூர் 31 கிடைத்தது. காக்கிப் பச்சை நிறம். முன்புறம் கிரீடம் வைத்த வெள்ளைக் கழுகு. கம்யூனிஸ்ட் ஆட்சியில் அந்த நாட்டுக் கழுகுக்குக் கிரீடம் இல்லை. 1989இன் முடிவில்தான் திரும்பி வந்தது. கிரீடம் இருக்கிறது, ஆகவே போருக்கு முந்தையது என்று என் தர்க்கம் ஓடியது. கேட்ட விலையைக் கொடுத்தேன்.

அலுவலக நண்பரின் மாமனார் பழைய சேகரிப்பாளர். அவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கழுகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கவிழ்த்து, விளிம்பின் உட்பக்கத்தை நகத்தால் லேசாகத் தட்டினார். பச்சை பெயர்ந்த இடத்தில் கருநீலம் எட்டிப் பார்த்தது. "தம்பி, இது ஜெர்மன்காரன் கைக்குப் போய் வந்தது" என்றார் (அவர் பேசியது போலிஷில், தம்பி என்பது என் மொழிபெயர்ப்பு).

நடந்தது இதுதான். தோற்ற நாட்டிலிருந்து வாரிக்கொண்டு போன கவசங்களில் பலவற்றை ஜெர்மானியர் தங்கள் விமானத் தாக்குதல் பாதுகாப்பு அமைப்பான லுஃப்ட்ஷுட்ஸுக்குக் கொடுத்தார்கள். அதன் நிறம் கருநீலம். என் கவசத்தில் அந்த நீலத்தை யாரோ தேய்த்து எடுத்து, பச்சை அடித்து, கழுகையும் வரைந்துவிட்டார்கள். 1939இல் களத்துக்குப் போன வ்ஸூர் 31களில் பெரும்பாலானவற்றில் கழுகே இருந்ததில்லை. நான் விலை கொடுத்தது இல்லாத கழுகுக்கு!

ஏமாந்ததைவிட அதிகம் உறுத்தியது வேறு. ஒரு போலந்துச் சிப்பாயின் தலையில் இருந்து, பிறகு குண்டு விழும் ஏதோவொரு ஜெர்மன் நகரத்தில் ஒரு காவலரின் தலையைக் காத்த பொருள் இது. அந்த இரண்டாவது வாழ்க்கையை உப்புத்தாள் தின்றுவிட்டது. "நீலம் திருடன் பூசினது, அதைச் சுரண்டினா என்ன தப்பு?" என்று கேட்கும் சேகரிப்பாளர்கள் அங்கே உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1944 வார்சா எழுச்சியில் போராளிகள் கைப்பற்றிய ஜெர்மன் கவசங்களில் வெள்ளை-சிவப்புப் பட்டை தீட்டி அணிந்தார்கள். அதை "அசல் நிலைக்கு" கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சுரண்டினால் எது மிஞ்சும்? அந்தப் பட்டைக்கு விலை அதிகம் என்பதால் புதிதாகத் தீட்டி விற்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள்.

போருக்குப் பின் நீண்ட கழியில் பொருத்தி, கிராமத்தில் சாணக்குழியிலிருந்து கழிவுநீர் அள்ளப் பயன்பட்ட கவசங்களும் உண்டு. அப்படிப்பட்டதைச் சந்தையில் பார்த்தால் எனக்கு இப்போது மரியாதை. துளை போட்ட இடம் பொய் சொல்லாது. மண்ணுக்குள்ளிருந்து வந்ததை மட்டும் தொடுவதில்லை. அனுமதியின்றி அப்படித் தோண்டுவது அங்கே குற்றம்; தவிர, கவசத்துக்குக் கீழே ஒரு தலையும் இருந்திருக்கலாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முகப்பை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். தோல் உறையின் தையல், விளிம்பின் அடிப்பகுதி, ஆலை முத்திரைக்குள் தேங்கிய பெயின்ட் இவையெல்லாம் கைவேலைக்காரன் அவசரத்தில் மறக்கும் இடங்கள். முத்திரையின் பள்ளத்தில் பழைய நிறம் ஒட்டியிருந்தால் அதுதான் சாட்சி.

என்னுடையது இப்போது அலமாரியில் இருக்கிறது. கழுகைத் தின்னர் போட்டுத் துடைத்துவிடலாம் என்று மகன் சொல்கிறான். துடைத்தால் அடியில் மிஞ்சியிருக்கும் நீலமும் போகும் என்று விட்டுவிட்டேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு மட்டும் வைத்திருக்கிறேன்: "கழுகு போலி. இடது விளிம்பில் நீலம் அசல்."