பெட்டியில் 1200, பேத்தி அறையில் 18

சென்ற மாதம் என் பேத்திக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. நாக்பூரில் எங்கள் ஃபிளாட்டிலிருந்தே, லேப்டாப் வழியாக. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது படம் உறைந்து, குரல் அறுந்து, இணைப்பே போய்விட்டது. குழந்தை அழுதுவிட்டாள். மாதாமாதம் 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறோம். வைஃபை ரூட்டரின் அட்டைப் பெட்டியிலோ 1200 என்று கொட்டை எழுத்து. அவள் அறையில் அளந்தால் 18!

நல்ல வேளையாக, மூன்று நாள் கழித்து மறுபடி பேசலாம் என்றார்கள். இணைப்புக் கம்பெனிக்குப் போன் செய்தால், "300 திட்டத்துக்கு மாறுங்கள்" என்கிறார்கள். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். அளந்து பார்க்காமல் பணம் கட்ட மனம் வரவில்லை.

முதலில் அந்த 1200. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டித் தாராளமாக 1200 ஆக்கியிருக்கிறார்கள். லேப்டாப் சாதாரணமாக ஒரு சமயத்தில் ஏதாவது ஓர் அலையில்தான் பேசும். இரண்டு வண்டிகளின் வேகத்தைக் கூட்டி ஒரு வண்டியின் தலையில் எழுதிய கதைதான்!

அந்த 867 கூட முழுதாகக் கைக்கு வராது. வைஃபை, ஒற்றைப் பாதை மாதிரி. டோக்கன் முறை உள்ள பாதையில் அது கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார் அல்லவா? அப்படித்தான் இதிலும்: ஒரு சேனலில் ஒரு கருவி பேசும்போது மற்றவை பெரும்பாலும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பு, 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புதல் எல்லாம் போக, ரூட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி அல்லது சற்றுக் கூடுதல்தான் தேறும். அடுத்த வீட்டு ரூட்டரும் அதே சேனல் என்றால் அவர்கள் வண்டிக்கும் நாம் லூப் லைனில் நிற்க வேண்டியதுதான்.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இன்னொரு சங்கதி: ஒயர் சொருகும் துளைகள் 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும். 300 திட்டத்துக்கு மாறியிருந்தால் ஒரு சொட்டுக்கூட அதிகம் வந்திருக்காது!

லேப்டாப்பை ஒயரில் நேராக மாட்டினேன், 94 காட்டியது. 100 துளையில் அதுதான் தேறும். ஆக, கம்பெனி தருவது சரி, கோளாறு வீட்டுக்குள்.

குற்றவாளி நான்தான். தூசி படக்கூடாதென்று ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தவன் வேறு யார்? நடுவில் இரண்டு சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் சோனி. அதனால் லேப்டாப் 2.4-இல் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் இரைச்சல் போடும். ரூட்டரை நடைவழியில் உயரமாக மாட்டி, 5-க்கு மாற்றியதும் பேத்தி அறையில் 70-க்கு மேல் வந்தது.

ஆனாலும் தேர்வன்று வைஃபையை நம்பவில்லை. இருபது மீட்டர் ஒயர் வாங்கி அவள் அறைவரை இழுத்தேன். நாற்பது நிமிஷம், ஒரு தடங்கலும் இல்லை. முடிவு இன்னும் வரவில்லை. ஒயர் நடைவழியிலேயே கிடக்கிறது; என் மனைவி திட்டிக்கொண்டே தாண்டிப் போகிறாள்.