பீர் ஆலைகளை எண்ணினால் போதுமா? குர்லா காட்டும் வேறு கணக்கு

புது தில்லி: லட்சம் பேருக்கு எத்தனை சிறு பீர் ஆலைகள் என்று மாநிலங்களையும் நாடுகளையும் வரிசைப்படுத்துவது மேலை நாடுகளில் வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம் முன்வரிசையில் நிற்கிறது, ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து. சுமார் 90 லட்சம் மக்கள் வாழும் சுவிட்சர்லாந்தில் பதிவு பெற்ற பீர் ஆலைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதாவது 9 ஆயிரம் பேருக்கு ஓர் ஆலை.

இந்தியாவில் இந்த வரிசையில் முதலில் பேசப்படுவது பெங்களூரு. ஓரிடத்திலேயே பீர் தயாரித்து அங்கேயே பரிமாறும் "மைக்ரோ புரூவரி"கள் அந்நகரில் 60-க்கும் மேல் உள்ளன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 6.11 கோடி பேர் கொண்ட கர்நாடகத்துக்கு இதைப் பங்கிட்டால் 10 லட்சம் பேருக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும்.

மும்பையின் குர்லாவுக்கு இதே அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். தமிழகத்திலிருந்து வரும் பல ரயில்கள் வந்து நிற்கும் லோகமான்ய திலக் முனையம் இருப்பது இங்குதான். குர்லாவை உள்ளடக்கிய மாநகராட்சி வார்டில் 2011-ல் வசித்தோர் சுமார் 9 லட்சம் பேர். சுவிஸ் விகிதப்படி அங்கு 100 ஆலைகள் இருக்க வேண்டும். கர்நாடக விகிதப்படி ஒன்று தேறும்.

இதை வைத்து, குர்லாவாசிகளைவிட சுவிஸ் மக்கள் 100 மடங்கு பீர் பிரியர்கள் என்று முடிவுகட்ட இயலாது. 1990-ல் சுவிட்சர்லாந்திலேயே இருந்தவை 32 ஆலைகள் மட்டுமே. பெரிய நிறுவனங்கள் சந்தையைப் பங்கு போட்டுக்கொண்ட கூட்டு ஏற்பாடு 1991-ல் முறிந்த பிறகே சிறியவை முளைத்தன. அமெரிக்காவிலும் 1978-ல் நூறு ஆலைகள்கூட இல்லை. மக்களின் நாக்கு மாறவில்லை, விதிகள் மாறின.

இந்தியாவின் அனுபவமும் இதுவே. ஹரியாணா அரசு அனுமதித்ததால் 2008-ல் குர்கானில் முதல் மைக்ரோ புரூவரி வந்தது. 2009-ல் புணேயில் ஒன்று திறக்கப்பட்டது. 2010-ல் கர்நாடகம் விதிகளைத் திருத்திய பின்னரே பெங்களூரில் பெருக்கம் ஏற்பட்டது. குர்கானுக்கு அடுத்த வீடான தில்லி பல ஆண்டுகள் வெறுங்கையுடன் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கு 2021-ல் நடைமுறைக்கு வந்த புதிய மதுக் கொள்கை இவற்றுக்கு இடமளித்தது. ஆனால் அந்தக் கொள்கையே 2022 ஆகஸ்ட் இறுதியில் கைவிடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2023-ல் துணை முதல்வர் மணீஷ் சிசோடியாவும், 2024-ல் முதல்வர் அரவிந்த் கேஜரிவாலும் கைதானதை நாடறியும்.

மாநிலத்துக்கு மாநிலம் இத்தனை வேறுபாடு ஏற்பட அரசியல் சட்டமே காரணம். ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 8-ஆவது இனம் மதுவின் உற்பத்தியையும் விற்பனையையும், 51-ஆவது இனம் அதன் மீதான கலால் வரியையும் மாநிலங்களுக்கு அளித்துள்ளன. சரக்கு மற்றும் சேவை வரியிலும் மது சேர்க்கப்படவில்லை. வருவாயின் அளவைப் பார்த்தால் மாநிலங்கள் இதில் பிடிவாதமாக இருப்பதன் காரணம் விளங்கும். 2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்தது ரூ.45,855 கோடி. மதுவிலக்குக்கு அரசு முயல வேண்டும் என்னும் 47-ஆவது பிரிவு அதே அரசியல் சட்டத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடிப்பவர் எத்தனை பேர் என்பதை ஆலைகளின் எண்ணிக்கை சொல்வதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் தமிழகத்தில் 25 சதவீதம்; மைக்ரோ புரூவரிகள் மலிந்த கர்நாடகத்தில் சுமார் 17 சதவீதம்; மகாராஷ்டிரத்தில் 13.9 சதவீதம். 2016 முதல் முழு மதுவிலக்கு உள்ள பிகாரில் 15.5 சதவீதம்! மதுக்கடை உள்ள மாநிலத்தைவிட இல்லாத மாநிலத்தில் குடிப்பவர் விகிதம் அதிகம்.

மும்பைக்கு இது புதிதல்ல. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தை மொரார்ஜி தேசாய் முனைப்புடன் செயல்படுத்தினார். பால்சரா வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைச் செல்லும் என்றது. விளைவு, தாராவியின் சந்துகளில் சாராய அடுப்புகள் எரிந்தன. தூத்துக்குடியிலிருந்து வந்து ரயில் நிலையத்தில் மூட்டை சுமந்த வரதராஜ முதலியார், மாட்டுங்கா, தாராவி வட்டாரத்தில் பெரும் புள்ளியானது இந்தக் கள்ளச்சாராயத்தால்தான். பிற்பாடு விதிகள் தளர்ந்தன. ஆயினும் குடிக்க "பர்மிட்" வேண்டும் என்பது சட்டத்தில் நீடிக்கிறது. மும்பை மதுக்கூடங்களின் பலகையில் "பர்மிட் ரூம்" என்ற எழுத்தும் நீடிக்கிறது.

குர்லாவின் லால்பகதூர் சாஸ்திரி சாலையில் 2011-ல் பெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. புதிய ரக பீரைத் தேடி வருவோர் அத்தகைய வளாகங்களின் வாடிக்கையாளர்கள். அதே குர்லாவிலிருந்து மூன்றாவது ரயில் நிலையம் விக்ரோலி. அங்கு 2004 டிசம்பரில் கள்ளச்சாராயம் குடித்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015 ஜூனில் மும்பையின் மால்வணியில் 100-க்கும் அதிகமானோர் பலியாயினர். இரண்டும் மது தாராளமாக விற்கப்படும் மாநகரில் நடந்தவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் அரசே மது விற்கும் மாநிலத்தில்தான். அன்றாடக் கூலிக்காரனுக்குக் கடை மதுவின் விலை எட்டாதபோது மெத்தனால் கலந்த பாக்கெட் அவன் கைக்கு வந்துவிடுகிறது.

மெத்தனாலின் விற்பனையை ஒழுங்குபடுத்த 1919-ஆம் ஆண்டின் விஷங்கள் சட்டமே மாநிலங்களுக்கு இடம் தருகிறது. தொழிற்சாலை ஆல்கஹால் யாருக்கு உரியது என்ற நெடுநாள் சர்ச்சையில், 2024 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எட்டு நீதிபதிகள் அதுவும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்றனர். நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். கள்ளக்குறிச்சிக்குப் பின் தமிழகம் தனது மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பை ஏற்படுத்தும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வகை செய்தது. ஆலைகளிலிருந்து மெத்தனால் வெளியே கசிவதை எப்படித் தடுப்பது என்பதில் மாநிலங்கள் இனி மத்திய அரசைக் கைகாட்ட முடியாது.