வெறும் பேதிதானே என்று விடாதீர்கள்
(உடலுக்குள் ஒட்டுண்ணிகள் – 14)

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாறு படிப்பவர்களுக்கு அது செப்பேட்டு ஊர். 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்கே ஏரி வெட்டியதையும், பாலாற்றிலிருந்து கால்வாய் கொண்டுவந்ததையும் கூரம் செப்பேடு சொல்கிறது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அன்றே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் வேறு எதெல்லாம் வரும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

தண்ணீரில் வரும் அந்த ஒட்டுண்ணிகள் அதிகம் வதைப்பது எச்.ஐ.வி. உள்ளவர்களை. கூரத்துக்கு மேற்கே வேலூர், கிழக்கே சென்னை. இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் தொடங்கியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. நாட்டின் முதல் தொற்று அங்கே உறுதியானது. 1993 முதல் தாம்பரம் காசநோய் மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. மற்ற இடங்களில் கைவிடப்பட்டவர்களுக்கு அந்த வார்டுதான் புகலிடமாக இருந்தது. ஆனால் அப்போது தடுக்கவும் தாங்கவும் முடிந்ததே தவிர, கிருமியை அடக்கும் மருந்து ஏழைகளுக்கு எட்டவில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. என்ற கூட்டு மருந்தைக் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் கொடுத்த மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று.

எச்.ஐ.வி. நேரடியாகக் கொல்வது குறைவு. அது காவலை அழிக்கிறது; மற்றவை உள்ளே வருகின்றன. காசநோயைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். குடலுக்குள் நுழையும் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 200க்குக் கீழே போனவருக்கு, வாரக்கணக்கில் தண்ணீராகப் பேதி போகும். உடம்பு கண்முன்னே உருகும். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்பவர் ஒரு நாளில் பத்துத் தடவை எழுந்து ஓடினால், புடவை எப்போது முடியும்? புடவை முடிந்தால்தானே கூலி?

இந்தப் பேதியைத் தரும் ஒட்டுண்ணிகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கிரிப்டோஸ்போரிடியம், இன்னொன்று ஐசோஸ்போரா. முன்னது உலகெங்கும் உண்டு. பின்னது வெப்ப நாடுகளில்தான் அதிகம். நம் பக்கத்து எச்.ஐ.வி. நோயாளிகளிடம் அடிக்கடி தென்படுகிறது. அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, ஆனால் சிகிச்சை வேறு. ஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்ஸசோல் கைகண்ட மருந்து. பழைய நோயாளிகள் செப்ட்ரான் என்று சொல்வார்களே, அதே மலிவான மாத்திரை. சில நாட்களிலேயே பேதி கட்டுப்படும். மறுபடி வராமல் இருக்க, எதிர்ப்பு சக்தி தேறும்வரை குறைந்த அளவில் தொடர வேண்டும். கிரிப்டோஸ்போரிடியத்திடம் இந்த மாத்திரை எடுபடாது. நேரடியாக அதைக் கொல்லும் மருந்துகளும் எதிர்ப்பு சக்தி விழுந்த உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. நீர்ச்சத்தை ஈடுகட்டிக்கொண்டே, கூட்டு மருந்தால் சிடி4ஐ ஏற்றுவதுதான் வழி.

ஆகவே எது என்று கண்டுபிடித்தாக வேண்டும். இங்கேதான் கோட்டை விடுகிறோம். சாதாரண மலப் பரிசோதனையில் இரண்டும் எளிதில் தப்பிவிடும். காசநோய்க் கிருமியைப் பார்க்கப் பயன்படும் சாயத்தின் இன்னொரு வகையைப் போட்டால், நீலப் பின்புலத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும்: கிரிப்டோ 4 முதல் 6 மைக்ரான் வட்டம், ஐசோஸ்போரா அதைவிடப் பல மடங்கு பெரிய நீள்வட்டம். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. மருத்துவர் சீட்டில் அந்தச் சாயத்தைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் மாதிரியில் தெரியாவிட்டால் அடுத்தடுத்த நாட்களிலும் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து: 'இந்த மாத்திரையால்தான் வயித்தால போகுது' என்று நினைத்துச் சிலர் கூட்டு மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். சில மருந்துகள் வயிற்றைக் கலக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் காரணம் ஒட்டுண்ணியாக இருந்து, மருந்தையும் நிறுத்தினால், அதை விரட்டக்கூடிய முக்கியமான துணையை நாமே வெளியே அனுப்பியதாகிவிடும். நிறுத்துவதற்கு முன் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் கிரிப்டோ புகுந்து சுமார் 4 லட்சம் பேருக்குப் பேதி கண்டது. திடகாத்திரமானவர்கள் தாமாகவே தேறினார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் போட்டு வந்த தண்ணீர்தான் அது! கிரிப்டோவின் தடித்த உறை குளோரினுக்கு அசைவதில்லை. கொதிக்கும் நீரில் செத்துவிடும். லாரித் தண்ணீரோ, குழாய்த் தண்ணீரோ, கேன் தண்ணீரோ, எச்.ஐ.வி. உள்ளவர் குடிப்பதைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைக்க வேண்டும். கிரிப்டோ மலத்தில் வெளியேறும்போதே தொற்றும் நிலையில் இருக்கும். கன்றுக்குட்டிச் சாணத்திலும் இருக்கும். கழிப்பறைக்குப் போய்வந்தாலும், மாட்டுக்கொட்டகையில் கைவைத்தாலும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் தடவும் சானிடைசர் இதற்கு உதவாது. ஐசோஸ்போரா வெளியே ஓரிரு நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். அதனால் கவனித்துக்கொள்பவர் உடனே பயப்பட வேண்டியதில்லை.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளையைத் தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்குத் தனி அத்தியாயமே வேண்டும். பூனையின் கழிவிலிருந்தும் வேகாத இறைச்சியிலிருந்தும் வருவது. ஓயாத தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.