காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்!

குளிருக்கு அஞ்சிச் சுவரிலுள்ள காற்றுத் துவாரங்களைத் துணியாலும் கடதாசியாலும் அடைப்போர் பிரித்தானியாவில் வாழும் எம்மவரிடையே உளர். அறைக்காற்றைக் கொண்டு எரியும் பழைய எரிவாயுப் பொய்லர் உள்ள வீட்டில் இச்செயல் உயிருக்கே உலை வைக்கும். காற்றுப் போதாமல் வாயு எரிந்தாலோ, புகைபோக்கி அடைபட்டாலோ காபனோரொட்சைட்டு வீட்டினுள் பரவும். நிறமும் மணமும் அற்ற நஞ்சு அது. தலைவலியும் குமட்டலும் தோன்றி, வெளியே சென்றதும் தணியுமாயின், தடிமன் காய்ச்சல் என்று வாளாவிருத்தல் ஆகாது. பொய்லரை நிறுத்தி, கதவு யன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறி 0800 111 999 இலக்கத்தை அழையுங்கள்.

வாடகை வீடாயின், ஆண்டுதோறும் 'காஸ் சேஃப்' பதிவு பெற்றவரைக் கொண்டு பரிசோதிப்பித்து, சான்றின் பிரதியை உங்களிடம் தருவது 1998 ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டுக்காரரின் கடமை. கேட்டால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவாரோ என்று அஞ்சி மௌனம் காக்காதீர்கள். வீடு வேறு கிடைக்கும், உயிர் கிடைக்காது.