32 வயசு ராட்சஸன்!

உஸ்மான் ரோட்டில், தீபாவளி பர்ச்சேஸ் கூட்டத்துக்கு நடுவே, பத்து மாடி உயர ராட்சஸ ஜந்து ஒன்று செத்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டு வீழ்த்தியவர் ஹீரோ. கைதட்டிவிட்டு நாமெல்லாம் பனகல் பார்க் பக்கம் பஸ் பிடிக்க ஓடிவிடுவோம். ஸரி, அந்தக் குடலை யார் ஸார் அள்ளுவது?

1954-ல் காட்ஸில்லா வந்ததிலிருந்து ஜப்பான்காரர்கள் இந்த ரக ஜந்துகளை ஊருக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் பாஷையில் 'கைஜு'. அள்ளுகிறவனைப் பற்றித்தான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை. 'கைஜு நம்பர் 8' கவலைப்படுகிறது. நவோயா மாட்சுமோட்டோவின் காமிக்ஸ் கதை, 2024 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை 12 எபிசோடுகளாக முதல் சீஸன் வந்தது.

ஹீரோ காஃப்கா ஹிபினோ. (மனுஷன் பூச்சியாகிற கதையை 1915-ல் வெளியிட்டாரே, அவர் பெயரேதான். இவரும் சும்மா இருக்கப்போவதில்லை!) சின்ன வயசில் இவரும் சிநேகிதி மீனாவும் – ஆமாம், ஜப்பானிலும் மீனா உண்டு – ராணுவத்தில் சேர்ந்து ஜந்துகளை ஒழிப்போம் என்று சபதம் போட்டார்கள். மீனா கேப்டனாகி டி.வி.யில் வருகிறாள். இவர் பரீட்சையில் திரும்பத் திரும்ப கோட்டைவிட்டு, செத்த ஜந்துகளை வெட்டி அள்ளும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வயசு 32.

அப்போது வேலைக்கு வந்த 18 வயசுப் பொடியன் ஒருத்தன் சொல்கிறான்: வயது வரம்பை 33-க்குள் என்று உயர்த்திவிட்டார்கள்!

இந்த இடத்தில் எனக்கு மாம்பலம் மேன்ஷன்கள்தான் ஞாபகம் வந்தன. கொரோனாவில் பரீட்சைகள் தள்ளிப்போனதால் நம் அரசு வேலைகளுக்கு உச்ச வயது வரம்பை 2 வருஷம் ஏற்றி 2021 செப்டம்பரில் அறிவித்தார்களே... பொதுப் பிரிவுக்கு 30-லிருந்து 32. 'ஏஜ் பார் ஆயிடுச்சு' என்று பரணில் போட்ட கைடை இறக்கித் தூசி தட்டியவனுக்கு காஃப்காவின் முகத்தை விளக்க வேண்டியதில்லை.

சீஸனின் பெரிய பலம் இதற்கப்புறம் வருகிறது. ராணுவச் சட்டையைப் போட்டால் உடம்பு பலத்தைச் சதவிகிதத்தில் காட்டும். 16 வயசுப் பெண் கிகோருவுக்கு 46. நம்மாளுக்கு முட்டை! ஆனால், எந்த ஜந்துவுக்கு எந்த இடத்தில் உயிர்நிலை என்பது அவருக்கு அத்துப்படி. வருஷக் கணக்கில் வெட்டிய கையாச்சே! முதல் சண்டையிலேயே செத்த ஜந்துவைக் கிழித்து, அது செத்த பிறகும் குட்டி போடும் என்று கண்டுபிடித்து வயர்லெஸ்ஸில் சொல்கிறார். மூலையில் உட்கார்ந்து இருபது வருஷமாக வவுச்சர் பார்க்கிற சீனியர் கிளார்க், புது மேனேஜரின் கணக்கில் ஓட்டையைக் காட்டுவது போல.

2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்து வடிந்ததும், வெளியூர்களிலிருந்து வந்த துப்புரவுத் தொழிலாளர்கள்தான் நம் தெருக்களை மீட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் படத்தைப் பேப்பரில் பார்த்தோம்? இந்தத் தொடர் முதல் எபிசோடில் பாதியை அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கிறது. அதற்கே ஒரு சபாஷ்.

பலவீனம்? அந்தச் சபாஷை வாங்கிக்கொண்டு கதை கழன்றுவிடுகிறது! குட்டி ஜந்து ஒன்று காஃப்காவின் வாய்க்குள் புகுந்து, நினைத்தபோது அவரே ராட்சஸனாகலாம் என்று ஆனதும், பல சிக்கல்களுக்கு ஒரே குத்துதான் விடை. மூளையால் ஜெயித்தவனைத் தசையால் ஜெயிக்கவிட்டால் நமக்கென்ன சுவாரசியம்? நம்ம ஊர் மாஸ் பட வியாதி, டோக்கியோவுக்கும் பரவிவிட்டது.

மீனா விஷயம் இன்னும் அநியாயம். கதையே அவளுக்குக் கொடுத்த வாக்கில்தான் நிற்கிறது. அவளோ புலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீரங்கி சுடுவதோடு ஸரி. கடைசி எபிசோடும் முடிவில்லை, இடைவேளை.

படம் வரைந்த புரொடக்ஷன் ஐ.ஜி.யைக் குறை சொல்ல முடியாது. ஜந்துகளை வடிவமைத்தது ஸ்டூடியோ காரா; தோலின் வழவழப்பு தெரிகிறது. ஆனால் முதல் பாட்டும் இங்கிலீஷ், கடைசிப் பாட்டும் இங்கிலீஷ். ஏன் ஸார், ஜப்பானில் பாடகருக்கா பஞ்சம்?

2025 ஜூலையில் இரண்டாம் சீஸன் வந்தது. அதில் கதை துடைப்பத்தை விட்டு இன்னும் தூரம் போய்விட்டது. நேரம் குறைவென்றால் முதல் மூன்று எபிசோடு, அப்புறம் பத்தாவது. முதல் எபிசோடை மட்டும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள். அன்றைக்குக் காஃப்காவுக்குக் குடல் டியூட்டி!